பெட்டியோடு வந்த கண்ணாடி

பத்தொன்பது வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறவர் அவர். எந்த நெரிசலிலும் பதற மாட்டார் என்பதால் பணிமனையில் அவருக்கு நிதானக்கா என்று பெயர். விடுமுறை நாளில் அவருக்கு ஒரே பித்து, கையில் பிடிக்கும் லேசர் கருவியால் மரப்பலகையில் பறவை உருவங்களைச் சுட்டு வரைவது. தச்சரான கணவர் பட்டறையில் மிஞ்சும் துண்டுப் பலகைகளைக் கொண்டுவந்து தருவார். குருவி வரைந்தால் பருந்து மாதிரி வருகிறது என்று கிண்டலும் செய்வார்.

அந்த ஞாயிறு மதியம் பலகை நகராமல் இருக்க நிதானக்கா ஒரு எஃகு அளவுகோலை வைத்து அழுத்தியிருந்தார். கை லேசாக விலகியதும் கதிர் அதன் விளிம்பில் பட்டுத் தெறித்தது. வலி இல்லை. ஆனால் வலது கண்ணில் எதைப் பார்த்தாலும் நடுவில் சாம்பல் நிறப் பொட்டு. கணவரைப் பார்த்தார். முகம் இருந்தது, மூக்கைக் காணோம்.

பாதுகாப்புக் கண்ணாடி போட்டுத்தான் இருந்தார். லேசரோடு அதே பெட்டியில் வந்தது. அதனால்தான் இருவருக்கும் ஒன்றும் புரியவில்லை.

ஆட்டோ பிடித்துக் கண் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனார்கள். போய்ச் சேர்வதற்குள் பொட்டு பாதியாகச் சுருங்கியிருந்தது. பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாதுதான். ஆனாலும் வழியிலேயே பணிமனை மேலாளரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார். "அறுபது பேரை ஏத்திக்கிட்டு சந்தேகக் கண்ணோட ஓட்ட முடியாது சார். டாக்டர் சொல்ற வரைக்கும் என் வண்டிக்கு வேற ஆள் போடுங்க."

மருந்து விட்டு, கண்பாவை விரியக் காத்திருந்து, விழித்திரையைப் படம் எடுத்தார்கள். அந்த ஒரு மணி நேரமும் ஸ்டியரிங்கைத் தவிர வேறு என்ன தெரியும் தனக்கு என்று யோசித்துக்கொண்டே இருந்தார். கணவர் நகத்தில் ஒட்டிய மரத்தூளைச் சுரண்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

டாக்டரம்மா படத்தை இரண்டு முறை பார்த்தார்.

"காயம் எதுவும் இல்லம்மா. ஒளி அடிச்ச கூச்சம்தான், மறைஞ்சிடும். நேரா பட்டிருந்தா நான் இப்படிச் சொல்லியிருக்க முடியாது."

வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

கணவர் சட்டைப்பையிலிருந்து அந்தக் கண்ணாடியை எடுத்து நீட்டினார். டாக்டரம்மா அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நீலம் கலந்த பச்சைக் கண்ணாடி, சட்டத்தில் 650 என்று அலைநீள எண். லேசரில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். 450, நீலக் கதிர் என்றார் கணவர். இது சிவப்பு லேசருக்கானது, நீலத்தை அப்படியே உள்ளே விட்டுவிடும் என்றார் டாக்டரம்மா. சுடும்போது புள்ளி பளிச்சென்று தெரிந்ததை நல்ல கண்ணாடி என்று நினைத்திருந்தது நிதானக்காவுக்கு நினைவு வந்தது.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு," என்றார் கணவர்.

"போகல, உங்க கையிலதான் இருக்கு. முதல்ல அதை உடைச்சுப் போடுங்க," என்றார் நிதானக்கா. டாக்டரம்மாவும் சிரித்துவிட்டார்.

மூன்றாம் நாள் மறுபடி பரிசோதித்து, ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த வாரமே 450 என்ற எண்ணும் தடுப்புத்திறன் அளவும் பொறித்த ஆரஞ்சுக் கண்ணாடி வாங்கினார்கள். ஒன்றல்ல, இரண்டு. அறையில் இருக்கிற ஆளுக்கும் கண் உண்டே. எஃகு அளவுகோல் பட்டறைக்கே போய்விட்டது. லேசர் எரியும் நேரத்தில் கதவு உள்தாழ்ப்பாள் போட்டிருக்கும்.

வேலைக்குத் திரும்பிய காலை, முதல் சிக்னலில் நின்றபோது இடது கண்ணைப் பொத்தி, முன்னால் நின்ற லாரியின் எண்ணை வலது கண்ணால் மட்டும் வாசித்துப் பார்த்தார். கடைசி இலக்கம்வரை தெரிந்தது. பச்சை விழுந்தது. கியரை மாற்றினார்.