பயணம் போகிறவர்களின் டிவி கேம்

முதலாளியின் பெருவிரல்தான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. டிவி கேம் கசெட்டை இயந்திரத்துக்குள் செருகும்போது அந்த விரல் அதை முழுதாக அமத்தாது. ஒரு நெல் அகலம் மேலே நிற்கும். திரையில் கோடு கோடாக விழும், நிறம் கலங்கும். "பாத்தியளே, கசெட் செத்துப்போச்சு" என்று கவலைப்பட்ட முகத்தோடு சொல்லுவார். விற்க வந்தவர்கள் அந்த முகத்தைப் பார்த்து ஏமாந்தார்கள். சம்பளத்துக்குப் பக்கத்தில் நின்ற நான் விரலைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

போன கிழமை நீங்கள் இரண்டு பேரும் போனில் ஒரு படத்தைக் காட்டி, "அப்பா, பழைய கேமுக்கெல்லாம் இப்ப இவ்வளவு விலையாம். கடையில நிண்ட நேரம் ஒண்டையாவது எடுத்து வச்சிருக்கலாமே" என்று கேட்டீர்கள். நான் கோபப்பட்டு எழுந்து போனேன். அதற்கு முதல், முதலாளியின் செத்த வீட்டில் எல்லாரும் அவரைப் புகழ்ந்தபோது நான் ஏன் வாய் திறக்கவில்லை என்றும் மகள் கேட்டாள். இரண்டு கேள்விக்கும் என்னிடம் இருப்பது ஒரே பதில்தான். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். கதைத்தால் குழம்பிவிடுவேன் என்றுதான் எழுதித் தருகிறேன்.

அது யுத்த காலம். கொழும்பில், வெள்ளவத்தையில் காலி வீதியில் இருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் பழைய சாமான் வாங்கி விற்கும் அந்தக் கடை இருந்தது. நான் ஜிந்துப்பிட்டியில் இருந்து பஸ்ஸில் வருவேன். சுற்றியிருந்த லொட்ஜ்களில் வடக்கில் இருந்து வந்து, வெளிநாடு போகக் காத்திருந்த குடும்பங்கள் அறைக்கு ஒன்றாகக் கிடந்தன. வெளியே போனால் சோதனை, பொலிஸ் பதிவுத் துண்டு, கேள்வி. அதனால் பிள்ளைகளை அறைக்குள் வைத்திருக்க வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் டிவி கேம் அனுப்புவார்கள். பயணம் சரிவந்தால், ஆட்களைக் கள்ளமாக வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரன் முதலில் சொல்வது, ஒருவருக்கும் மூச்சு விடாதே என்பதுதான். ஆராவது ஒரு வார்த்தை சொன்னால் பொலிஸ் வரும், எல்லாம் கெட்டுப்போகும் என்ற பயம். பக்கத்து அறைக்கும் சொல்லாமல்தான் சனம் போனது. ஆனால் போக முதல் கொண்டுபோக முடியாத சாமான்களை விற்க வேண்டுமே. அதற்கு எங்கள் கடைக்கு வருவார்கள்.

"பழைய சாமானுக்கு விலை இல்லை தம்பி. விக்கிறவனின்ர அவசரத்துக்குத்தான் விலை" என்பார் முதலாளி. பெருவிரல் வித்தை பலிக்காவிட்டால் அவரிடம் இன்னொன்று இருந்தது. விலை போதாது என்று ஆராவது இழுத்தால், கடை முழுக்கக் கேட்கும்படி, சிரித்த முகத்தோடு, "எப்ப பயணம்?" என்று கேட்பார். அவ்வளவுதான். கடையில் எப்போதும் முன்பின் தெரியாத இரண்டு பேராவது நிற்பார்கள். விற்க வந்தவர் முதலாளி கொடுத்ததை வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார். இன்னொரு கடையில் விசாரிக்கவும் மாட்டார். இன்னொரு கடை என்றால் இன்னொரு வாய். தன் சொந்த ஊர் ஆட்களிடம்தான் அவர் இதை அதிகம் செய்தார். எதற்குப் பயப்படுவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

ஒருநாள் டீச்சர் ஒருவர் பன்னிரண்டு வயது மகளோடு வந்தார். மகளுக்குத் தகப்பன் அனுப்பிய டிவி கேம், ஒன்பது கசெட். பெட்டி, புத்தகம் எல்லாம் கசங்காமல் இருந்தன. முதலாளி கசெட்டைச் செருகினார். கோடு விழுந்தது.

"அங்கிள், நீங்கள் முழுக்க அமத்தேல்லை" என்றாள் பிள்ளை. கையை நீட்டித் தானே அமத்தினாள். படம் பளிச்சென்று வந்தது. பின்னால் நின்ற ஒருவர் சிரித்துவிட்டார்.

"கெட்டிக்காரி" என்றார் முதலாளி.

டீச்சருக்குத் துணிவு வந்தது. "இவளின்ர அப்பா ஆசையா அனுப்பினது. ஒரு ரெண்டாயிரமாவது தாங்கோ."

"அதுக்கென்ன டீச்சர்" என்று முதலாளி குரலை உயர்த்தினார். "எப்ப பயணம்? ரெண்டு பேரும் ஒண்டாத்தானே போறியள்?"

டீச்சர் நிலத்தைப் பார்த்தார். "நீங்கள் தாறதைத் தாங்கோ" என்றார். முதலாளி அறுநூறு கொடுத்தார். அதைப்போல் ஐந்து மடங்கு விலை எழுதி, அன்றைக்கே நான் அதைக் கண்ணாடி அலுமாரியில் வைத்தேன்.

பத்து நாளில் தாயும் மகளும் திரும்பி வந்தார்கள். ஏஜென்சிக்காரன் காசோடு தலைமறைவாகிவிட்டான். டீச்சர் மெதுவாக என்னிடம் சொன்னார்: "தம்பி, நாங்கள் போகேல்லை. பள்ளிக்கூடமும் இல்லை, பிள்ளை அறைக்குள்ளயே படுத்துக் கிடக்கிறாள். சாப்பாடும் இறங்குதில்லை. அதே அறுநூறு கொண்டு வந்திருக்கிறன். மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாத் தாறன். அதை மட்டும் திருப்பித் தாங்கோ."

உள்ளே இருந்த முதலாளி என்னைக் கூப்பிட்டார். "ஒரு சாமானின்ர ரெண்டு விலையும் ஒரு ஆளுக்குத் தெரியக்கூடாது. அங்க ரெண்டு பேர் விக்க வந்து நிக்கினம், காதைத் தீட்டிக்கொண்டு. வித்துப்போச்செண்டு சொல்லு."

சொன்னேன். உங்கள் அப்பா நான்தான் சொன்னேன். அடியோ மிரட்டலோ இல்லை. வேலை போய்விடும் என்று ஒரு சின்னப் பயம், அவ்வளவுதான்.

"அம்மா, இந்தா இருக்கு" என்றாள் பிள்ளை, அலுமாரியைக் காட்டி.

"அது வேற ஆக்களின்ர" என்றேன்.

"இல்லை. புத்தகத்தின்ர முதல் பக்கத்தில என்ர பேர் எழுதியிருக்கு. எடுத்துக் காட்டுங்கோ."

கடைக்கு வரும் சாமானில் பெயர் எழுதிய பக்கங்களைக் கிழிப்பது என் வேலை. அந்தத் தைரியத்தில் எடுத்துக் கொடுத்தேன். பிள்ளை திறந்தாள். முதல் பக்கம் இல்லை. கம்பி அடித்த இடத்தில் கிழிந்த தாளின் ஒரு நூல் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நகத்தால் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். கத்தப் போகிறாள் என்று நினைத்தேன்.

அதற்குள் முதலாளி வெளியே வந்துவிட்டார். "ஐயா, கொஞ்சம் பாத்துச் செய்யுங்கோ" என்று டீச்சர் கும்பிடக் கை எடுத்தார்.

"அப்ப பயணம் சரிவரேல்லையோ டீச்சர்?" என்றார் அவர், கடை முழுக்கக் கேட்க. நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். டீச்சரின் கைகள் பாதியில் நின்றன.

பிள்ளை நின்றவர்களின் முகங்களைப் பார்த்துவிட்டு, புத்தகத்தை மூடிக் கண்ணாடிமேல் வைத்தாள். "இது என்ர இல்லையம்மா. என்ரயில ஒரு கீறல் இருந்தது. வாங்கோ போவம்" என்று சொல்லித் தாயின் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். அப்படியே கூட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

"பாத்தியே, பிள்ளையே சொல்லிப்போட்டுது" என்றார் முதலாளி.

நான் புத்தகத்தைப் பெட்டிக்குள் வைத்து, அலுமாரியைப் பூட்டினேன்.