அபாயம் சொன்ன ஒரே பொய்

என் மனைவியின் தம்பிக்கு ஊர் வைத்த பெயர் அபாயம். பேரிடர் எச்சரிக்கை அலுவலகத்தில் வேலை. வெள்ளம், புயல், இடி, காட்டுத்தீ, மண்சரிவு என்று எங்கள் மாவட்டத்துக்கு எது எது வரக்கூடுமோ அத்தனையும் அவனுக்கு அத்துப்படி. கல்யாணத்துக்கு வந்தால் மாப்பிள்ளையைப் பார்க்கமாட்டான், மண்டபத்தில் வெளியேறும் வழி எங்கே என்று பார்ப்பான். அவன் தலை தெரிந்தாலே டீக்கடையில் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள்.

ஆனால் அவன் நடத்தும் ஒத்திகைக்கு மட்டும் கூட்டம் அலைமோதும். எச்சரிக்கைச் சங்கு ஊதியதும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவர வேண்டும் என்பது ஏற்பாடு. எங்கள் ஜனங்களோ மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்க, சங்கு ஊதுவதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருப்பார்கள். ஆபத்து வருவதற்கு முன்னால் வருவதுதானே நல்லது என்று அவனுக்கே பாடம் எடுத்தவள் என் மனைவி.

ஒருநாள் கொட்டிய மழையில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த குன்றில் விரிசல் விட்டது. ஊற்றுத் தண்ணீர் சேறாக வந்தது. அபாயம் சங்கு ஊதினான். நான் பள்ளிக்கூடத்துக்கு விழுந்தடித்து ஓடினேன். எனக்கு உயிர்மேல் கொஞ்சம் ஆசை அதிகம். என் மனைவி பின்னாலேயே வருகிறாள் என்று நினைத்தேன். அவள் அடுப்பில் குழம்பு வைத்திருந்தாள்.

அபாயம் அவளிடம் போனில் கெஞ்சினான். போன மாதம்தானே ஒத்திகைக்கு வந்தேன், சின்ன வயசில் பல்லியைப் பார்த்தாலே வீட்டைக் காலி பண்ணச் சொன்னவன்தானே நீ என்று சொல்லி போனை வைத்துவிட்டாள். நான் வீட்டுக்குத் திரும்பி ஓடப் போனேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க போனா உங்களையும் உட்காரவெச்சு சாப்பாடு போட்டுடுவா, மாமா."

மறுபடி போன் போட்டான்.

"அக்கா, உன் நாத்தனார் வந்திருக்காங்க. இங்க நடுவுல உட்கார்ந்து உன் சமையலைப் பத்தி எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்காங்க."

என் தங்கை அப்போது வேறு ஊரில் அவள் வீட்டில் சிவனே என்று இருந்தாள்.

என் மனைவி ஒரு காலில் மட்டும் செருப்போடு, கையில் கரண்டியோடு வந்து சேர்ந்தாள். எங்கேடா அவள் என்று கேட்டாள். இல்லை என்று தெரிந்ததும் தம்பியைப் பிடித்துக்கொண்டாள். பத்து வருஷத்துக் கணக்கையும் சேர்த்துத் திட்டினாள். அந்தத் திட்டுக்கு நடுவில்தான் குன்று இறங்கியது.

மழை விட்டதும் போய்ப் பார்த்தோம். எங்கள் சமையலறை இருந்த இடத்தில் மண்தான் இருந்தது. அபாயம் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து விம்மி விம்மி அழுதான். என் மனைவி அவன் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள்.

"அப்ப அவ என்னைப் பத்தி ஒண்ணும் சொல்லலியாடா?"

"இல்லக்கா."

"பாவம். வழி முழுக்க அவளைத் திட்டிக்கிட்டே வந்தேன்."

சாயங்காலம் என் போனை வாங்கி என் தங்கையைக் கூப்பிட்டாள். நடந்த எதையும் சொல்லவில்லை. சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டாள்.