மெத்தையை இறக்கிவச்சுட்டு ஓட்டுன ரேஸ்

கால் மைல் ரேஸ் ஓட்டுறவனுக்கு வேலை இருபது செகண்டுதான். மிச்ச நேரமெல்லாம் மண்ணுல மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில ஏதும் ஒழுகுதான்னு பாக்குறதுதான் பொழப்பு. அடுத்தவுக வண்டியை ஓட்டிட்டு, அலுங்காம கொண்டுபோய் ஷெட்டுல நிறுத்துறதுக்குள்ள உசிரு போயி உசிரு வந்தவுக உங்கள்ல நெறையப் பேரு இருப்பீக. உங்களுக்குத்தான் இதைச் சொல்றேன். மத்தவுக சிரிச்சுட்டுப் போகட்டும்.

மெத்தை

காலேஜை ரெண்டாம் வருசத்தோட நான் விட்டுட்டேன். காலேஜ்தான் என்னைய விட்டுச்சுன்னு எங்க வீட்டுல சொல்லுவாக. எது எப்படியோ, காரைக்குடியில ஒரு பெரிய வீட்டுக்கு டிரைவராப் போய்ச் சேந்தேன். முதலாளி மலேயாவுல. இங்க ஆச்சியும் மகன் செல்லப்பண்ணனும்தான். ஆச்சிக்கு முதுகெலும்புல கட்டி. திங்களும் வியாழனும் மதுரைக்குப் போய் கட்டி கரைய முதுகுல கரண்டு வச்சுட்டு வரணும். உக்கார முடியாது, படுத்துக்கிட்டுத்தான் போகணும். சின்னக் குலுக்கலுக்கே முகம் வெளுத்துரும்.

அதுக்குன்னே முதலாளி கப்பல்ல ஒரு வண்டி அனுப்பியிருந்தாக. மலை மாதிரி கனம். பின் சீட்டை மடக்கி மெத்தை போட்டா ஆளு நல்லா நீட்டிப் படுக்கலாம். கியர் தானா மாறும், மாறுறதே தெரியாது. ஒரு லிவரை இழுத்தா நாலு சக்கரமும் சேந்து இழுக்கும். இன்னொரு பழைய கியர் வண்டியும் ஷெட்டுல கெடந்துச்சு. அதுல ஆச்சியை ஏத்துறதும் உரல்ல போட்டு இடிக்கிறதும் ஒண்ணுதான். மொத நாள் மதுரை ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்திப் பின் கதவைத் தொறந்தேன். ஆச்சி என்னைப் பாத்துச் சொன்னாக: "வந்துட்டமா? நீ இன்னும் வண்டியைக் கெளப்பவே இல்லைன்னுல்ல நெனச்சேன்."

ரெண்டு எண்ணணும்

மத்த நாள்ல அந்த வண்டி சும்மா நிக்கிறது செல்லப்பண்ணனுக்குப் பொறுக்கலை. ஊருக்கு வெளிய, சண்டைக் காலத்துல பிளேன் இறங்கப் போட்ட சிமெண்டுத் தரை ஒண்ணு பொட்டலாக் கெடக்கு. அண்ணனோட சொந்தக்காரப் பசங்க அங்க வண்டி ரேஸ் விடுவாக. அண்ணனுக்கு ஓட்டுறப்ப கை நடுங்கும். அதனால ஓட்டுறது நானு, பக்கத்துல உக்காந்து கத்துறது அவுக. மெத்தையை மட்டும் பத்திரமா எறக்கி வேப்பமரத்தடியில வச்சுருவோம்.

இந்த மாதிரி வண்டியைக் கெளப்ப ஒரு சூட்சுமம் இருக்கு. இடது கால் பிரேக்குல, வலது கால் ஆக்சிலேட்டர்ல. ரெண்டையும் சேத்து அமுக்கி, ரெண்டு எண்ணி, பிரேக்கை விடணும். மேல எண்ணுனா கியர்ப் பெட்டி எண்ணெய் கொதிச்சுரும். இதைச் சொன்னது அபுபக்கர். சிங்கப்பூர்ல ஒர்க்‌ஷாப்புல இருந்துட்டு வந்த மெக்கானிக்கு, என் கூட்டாளி. தானா கியர் மாறுற பெட்டியை இந்தப் பக்கம் தொறந்து பாத்தவன் அவன் ஒருத்தன்தான். ஒரு நாள் வீறாப்புல அஞ்சு எண்ணிட்டேன். செவப்பா இருந்த எண்ணெய் டிக்காசன் நெறத்துக்கு வந்துருச்சு. அபுபக்கர் புது எண்ணெய் மாத்துறப்ப, பழசை விரல்ல தொட்டு என் மூக்குல தேச்சுட்டுச் சொன்னான்: "மாப்ளே, காலேஜ்ல கணக்குல பெயிலானேன்னு நீ சொன்னப்ப நான் நம்பலைடா."

மணலு

அண்ணனோட பங்காளி சோமு. அவன் வண்டி தாழ்வா, செவப்பா, பாக்கவே பறக்குற மாதிரி இருக்கும். ஆனா பொட்டல் பூரா மணலு. கொடி ஆட்டுனதும் அவன் பின் சக்கரம் நின்ன எடத்துலயே சுத்தி, மண்ணை வாரி எறைக்கும். லிவரை இழுத்துட்டா எங்க வண்டி நாலு சக்கரத்தையும் ஊனிப் போயிரும். வரிசையா நாலு தடவை ஜெயிச்சோம்.

அபுபக்கர் மட்டும் வண்டிக்கு அடியில இருந்து பொலம்பிக்கிட்டே இருப்பான். நாலு சக்கரத்தையும் சேத்துப் பூட்டுனா முன்னுக்கும் பின்னுக்கும் சுத்துறதுல ஒரு வித்தியாசம் வரும், திரும்புறப்ப ரொம்ப வரும், அதை மணல்ல சக்கரம் கொஞ்சம் வழுக்கித் தீத்துக்கிருது, சுத்தமான தரையில வழுக்க எடமில்லை, அம்புட்டு முறுக்கும் உள்ள பல்சக்கரத்துலதான் விழும்பான். ரோட்டுல ஏறுறதுக்கு முன்னாடி லிவரைத் திரும்பத் தள்ளிருன்னு ஒவ்வொரு தடவையும் சொல்லுவான். நான் தலையாட்டுவேன். தலையாட்டுறதுல நான் எப்பவுமே பாஸு. நாலாவது தடவை தோத்த சோமு, வாயில போன மண்ணைத் துப்பிட்டு அண்ணன்கிட்டச் சொன்னான்: "இந்த மணலு மட்டும் இல்லைன்னா, ஒன் வண்டியை நான் பின்கண்ணாடியிலதான்டா பாப்பேன்."

நெருஞ்சி முள்ளு

ஒரு வியாழக்கிழமை திருப்பத்தூர் தாண்டுறப்ப ஆச்சி வண்டியை நிறுத்தச் சொன்னாக. கூட வந்த நர்ஸம்மா அவுகளைப் பையப் புரட்டிப் பாத்தா, மெத்தையில மூணு நெருஞ்சி முள்ளு. ஏற்கனவே வேகுற முதுகுல அது வேற. மெத்தையை வெயில்ல காயப்போட்டேன் ஆச்சி, ஆடு வந்துச்சு, காத்தடிச்சுச்சுன்னு என்னென்னமோ அளந்தேன். முடிக்கிற வரைக்கும் கேட்டாக. அப்புறம் கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டாக: "செல்லப்பன் ஜெயிக்கிறானா?"

வீடு

அன்னைக்குச் சாயங்காலமே அண்ணன்கிட்டச் சொல்லிட்டேன். ஆச்சிக்குத் தெரிஞ்சு போச்சு, வண்டிக்கு ஒண்ணு ஆனா அவுக கதி என்ன, இதோட விட்டுருவோம்னு. நக்கல் ஒண்ணும் வரலை எனக்கு. அண்ணன் ஒரு தடவைகூட மதுரைக்கு வந்ததில்லை. ராத்திரி ஆச்சி மொனகுனா காலையில மொத ஆளாப் பொட்டல்ல நிப்பாக. வண்டி பானெட்டைத் தொடைச்சுக்கிட்டே சொன்னாக: "நிறுத்துனா வீட்டுக்குப் போகணுமேடா."

கூட்டிப் பெருக்குன வெள்ளிக்கிழமை

கடைசியா ஒரு ரேஸு, அதோட முடிச்சுக்கிருவோம்னு ஆச்சு. சோமு அதைக் கல்யாணமாட்டம் ஆக்கிட்டான். வலையபட்டியில இருந்தெல்லாம் சொந்தக்காரவுக வந்துட்டாக. விசேசம்னா வாசலைக் கூட்டாம விடுவாகளா? விடியமுன்ன எட்டுப் பொம்பளைக வந்து கால் மைலையும் கூட்டிப் பெருக்கி, தண்ணி ஊத்திக் கழுவி, கடைசியில மாக்கோலமே போட்டுட்டாக. பந்தி எந்தப் பக்கம்னு நான் கேட்டதுக்கு எல்லாரும் சிரிச்சாக. சோமு தன் சக்கரத்துக்குப் பிடி கெடைக்கத்தான் மணலை எடுக்குறான்னு எனக்கு வெளங்குச்சு. எங்க பல்சக்கரத்தைக் காப்பாத்துனதும் அதே மணலுதான்னு மண்டையில ஏறலை. அபுபக்கர் இருந்திருந்தா குறுக்க விழுந்திருப்பான். அவன் மத்தியான ஜும்மாவுக்குப் போயிருந்தான்.

கூட்டத்துக்குக் காட்டணுமேன்னு, லிவரைத் திரும்பத் தள்ளாமலே ரெண்டு வட்டம் வேற அடிச்சேன். திரும்புறப்ப வண்டி மொனகுச்சு. ஆச்சி மொனகுற மாதிரியே இருந்துச்சு. அப்பவாவது எறங்கியிருக்கணும். கோட்டுல நிறுத்தி, கணக்கா ரெண்டே ரெண்டு எண்ணி, பிரேக்கை விட்டேன். கெணத்துல பாறாங்கல்லு விழுந்த மாதிரி அடியில ஒரு சத்தம். வண்டி பத்தடி போய் நின்னுருச்சு. கழுவுன தரையில செவப்பா எண்ணெய் ஓடுச்சு. வெளக்கமாறும் கையுமா நின்ன ஒரு அம்மா கிட்ட வந்து பாத்துட்டுக் கேட்டுச்சு: "ஒரு பொட்டு மணலு இல்லாமத்தான தம்பி கூட்டுனோம், எது தடுக்குச்சு?"

திங்கக்கிழமை

பல்சக்கரம் மலேயாவுல இருந்து கப்பல்ல வரணும். கட்டி கப்பலுக்காகக் காத்திருக்குமா? பழைய வண்டியை எடுத்தேன். அதுல ஆச்சியால காலை நீட்ட முடியாது. யாராவது மடியில போட்டு அமுக்கிப் பிடிச்சுக்கிரணும், நர்ஸம்மா ஒருத்தரால ஆகாது. செல்லப்பண்ணன் ஏறி உக்காந்து, ஆத்தா தலையை மடியில வாங்கிக்கிட்டாக.

ஒவ்வொரு தடவையும் கியர் போடுறதுக்கு முன்னாடி, "போடப் போறேன் ஆச்சி"ன்னு சொல்லுவேன். ஆச்சி மகன் மணிக்கட்டை இறுக்கிப் பிடிச்சுக்கிருவாக. மேலூர் வர்றதுக்குள்ள அண்ணன் கையில நகம் பதிஞ்சு ரத்தம் கட்டிப் போச்சு. மதுரை போய்ச் சேர அறுபத்தோரு தடவை கியர் மாத்துனேன். கணக்குல பெயிலானவன் அம்புட்டுத் தூரம் தப்பில்லாம எண்ணுனது அது ஒண்ணுதான். ஆஸ்பத்திரி வாசல்ல, முகத்தைப் பாக்க முடியாம, சாமான் வந்ததும் பெரிய வண்டியிலயே போயிரலாம் ஆச்சின்னேன். அவுக கையை மகன் கையில இருந்து எடுக்கலை: "அவசரமில்லைப்பா. அதுல நான் தனியாத்தான வந்தேன்."

அப்புறம் சாமான் கப்பல்ல வந்து, அபுபக்கர் மாட்டி, புது எண்ணெயும் ஊத்தி, இப்ப ஷெட்டுல ரெண்டு வண்டியும் நல்ல கண்டிசன்ல நிக்குது. படுத்துக்கிட்டுப் போகத்தான் ஆளு இல்லை.