பார்க்காமல் விட்டதும், பார்த்தும் விட்டதும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஐந்தாறு வருடம் தள்ளிப் போட்டுவிட்டேன். போன வெள்ளிக்கிழமை கோயில் வரிசையில் கலாவைப் பார்த்த பிறகு இனியும் தள்ளிப் போட முடியவில்லை.

கூட வந்த பெண்ணிடம் என்னைக் காட்டி, "இந்த அண்ணன் அன்னிக்கு பேசலன்னா நான் இன்னும் கான்ட்ராக்ட்லதான் இருந்திருப்பேன்" என்றாள். தலையாட்டி வைத்தேன். சந்நிதியில் நின்றும் சாமி கும்பிட மனசு வரவில்லை.

நடந்தது இதுதான். ஒரகடம் பக்கம் கார் பாகம் செய்யும் கம்பெனி. நான் ஐ.டி.ஐ. படித்த லைன் லீடர். கம்பெனி வகுப்பில் கொஞ்சம் ஜப்பான் மொழி கற்றிருந்ததால், இங்கிலீஷ் ரிப்போர்ட்டை ஜப்பானிய மேனேஜருக்கு மாற்றி எழுதுவதும் என் வேலை. மண்ணூர்க் கலா இன்ஸ்பெக்‌ஷனில் கான்ட்ராக்ட். பெர்மனென்ட் லிஸ்ட்டில் அவள் பெயர் வந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து, விரிசல் விட்ட பாகம் ஒன்று அவளைத் தாண்டிப் போய்விட்டது. இங்கிலீஷ் ரிப்போர்ட்டில் 'மிஸ்டு' — ஒரே சொல். ஜப்பான் மொழியில் அதற்கு இரண்டு. 'மியொதொஷிதா' என்றால் கண்ணில் படாமல் போனது. 'மினொகஷிதா'வும் கிட்டத்தட்ட அதேதான்... ஆனால் பார்த்தும் விட்டுவிட்டாள் என்றும் அர்த்தம் வரும். செல்போன் அகராதியில் இந்த இரண்டாவது சொல்தான் முதலில் வந்தது. எழுதிவிட்டேன்.

மறுநாளே அவள் பெயரை நிறுத்தி வைத்தார்கள்.

"பாத்துகினே வுட்டேன்றாங்கண்ணே. பாத்திருந்தா வுடுவனா?" என்றாள். அழவில்லை.

அப்புறம்தான் அகராதியை முழுசாகப் படித்தேன். ஒப்புக்கொண்டால் லீடர் வேலை போய்விடுமே என்று பயம். மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. விளக்கேற்றும்போது மட்டும், 'முருகா, நீயே பார்த்துக்கொள்' என்பேன். தப்பு செய்தவன் நான். பார்த்துக்கொள்ள அவனா?

நான்காம் நாள் மேனேஜர் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு சொல்லையும் தாளில் எழுதச் சொன்னார். பிறகு, தப்பு எப்போது தெரிந்தது என்று கேட்டார். மூன்று நாள் ஆகிறது என்றேன்.

"அப்படியானால் 'மினொகஷிதா' என்ற சொல் சரிதான். பெயர்தான் தவறு" என்றார்.

என் வேலை போகவில்லை. ஆனால் அவள் பெயர் இல்லாமலே லிஸ்ட் முந்தின நாள் மேலிடத்துக்குப் போயிருந்தது. அடுத்த வருடம்தான் கலா பெர்மனென்ட் ஆனாள். அந்த ஒரு வருடம் என்னால் போனது.

கலா, நீயும் இதைப் படிப்பாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். யாரிடமாவது இதைச் சொன்னால், 'அண்ணன் காப்பாற்றினார்' என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள். மூன்று நாள் தெரிந்தே விட்டார் — அப்படியே சொல்லுங்கள்.