ஷமீமா அழித்த விடைகள்

எங்கள் ஐந்தாம் வகுப்பு ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் குடோனிலிருந்து ஏலக்காய் வாசனை வரும். போடியில் வளர்ந்தவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை...

அந்த வருஷம் என் தங்கை ஷமீமா மூன்றாம் வகுப்பு. டீச்சர் போர்டில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவாள். அப்புறம் சும்மா இருக்க முடியாமல் எழுந்து நடப்பாள். ஒருநாள் ஹெச்.எம். அவளைக் கூட்டிவந்து என் வகுப்பிலேயே உட்கார வைத்துவிட்டார். வயது எட்டு. பெஞ்சில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாது.

முதல் கணக்குப் பரீட்சையில் அவள் நூறு. நான் அறுபத்திரண்டு.

"சின்னவகிட்ட கேட்டுப் படிம்மா" என்றார் அத்தா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் ஷமீமாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

அடுத்த பரீட்சையில் அவள் ஐம்பத்தெட்டு. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்... இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அவள் விடைத்தாளை எடுத்துப் பார்த்தேன். சரியாகப் போட்ட விடைகளை ரப்பரால் அழித்துவிட்டு, அதன்மேல் தப்பாக எழுதியிருந்தாள்.

"ஏன்டி அழிச்ச?"

"நீ என்கூட பேசவே மாட்டேங்குற. ஒன்னவிட கம்மியா வாங்குனா பேசுவேல்ல..."

எனக்கு அழுகை வந்துவிட்டது. தாளை அம்மாவிடம் கொடுத்து, நான் பேசாமல் இருந்ததையும் சொன்னேன்.

அம்மா திட்டவில்லை. மறுநாள் எங்களோடு பள்ளிக்கூடம் வந்து ஹெச்.எம்.மைப் பார்த்தாள்.

"அவளுக்குக் கணக்கு வருது, சரிதான் டீச்சர். ஆனா எட்டு வயசுப் புள்ளைக்கு அந்த வயசுக் கூட்டாளிக வேணும்ல. கணக்குக்கு மட்டும் இங்க வரட்டும். மத்த நேரம் அவ வகுப்புலயே இருக்கட்டும்."

ஹெச்.எம். கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி என்றார். அத்தாவிடமும் அம்மா சொல்லிவிட்டாள்... "ரெண்டு பேரையும் ஒப்பிட்டுப் பேசாதீங்க."

அதற்குப் பிறகும் நான் அறுபதுகளில்தான் வாங்கினேன். கணக்கு பீரியடுக்கு ஓடிவந்து ஷமீமா என் பக்கத்தில்தான் உட்காருவாள்.

இப்போது என் சின்ன மகளைத் தனித்திறன் உள்ள பிள்ளை என்கிறார்கள். டெஸ்ட், தனி வகுப்பு, கவுன்சிலர் எல்லாம் இருக்கிறது. நல்லதுதான். எங்கள் காலத்தில் இதற்கு ஒரு பெயர்கூடக் கிடையாது.

போன வாரம் கவுன்சிலர் ஒரு மணி நேரம் பொறுமையாக விளக்கினார். கடைசியில் "வேற ஏதாவது கேக்கணுமா?" என்றார்.

"வீட்டுல மூத்தவ ஒருத்தி இருக்கா மேடம்... அவகிட்டயும் ஒருநாள் பேசுறீங்களா?"

அவர் கையிலிருந்த படிவத்தில் அதற்கு இடமில்லை. ஓரத்தில் பேனாவால் எழுதிக்கொண்டார்.