ராணிக்கு எழுந்தவர்கள்

ரங்கூனின் லைங் தாயா பேட்டையில் பழைய சாமான் கடையொன்றில் ரேடியோவின் முதுகைத் திறந்ததும் வந்த, கசிந்த பேட்டரியின் புளித்த வாடை, நான் வளர்ந்த தாகேதா பேட்டையில் இன்று இல்லாமல்போன டீக்கடைக்கு என்னைக் கொண்டுபோனது. மின்சாரம் வராத மாலைகளில், வெயிலில் காயவைத்த பேட்டரிகளைக் கடை ரேடியோவில் போட்டு, அதில் வரும் பர்மிய நாடகத்தில் ராணி அழும்போதெல்லாம் தாங்களும் மூக்கைச் சிந்திய எங்கள் தெருத் தமிழ்ப் பெரியமனிதர்கள், அந்த ராணியாகப் பேசுவது எதிர்வீட்டு மரகதம் அக்கா என்பதை மட்டும் நம்பவே மாட்டார்கள்.

"இந்தக் கருவாச்சியா ராணி?" என்பார் கடைக்கார முனுசாமி மாமா.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். இவர்களை மதிக்க மட்டும் எந்தப் பள்ளியும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

ஒருநாள் காலை டீக்கடையின் மூங்கில் தட்டிக்குப் பின்னாலிருந்து அக்கா, ராணியின் குரலிலேயே, பர்மியத்தில் டீ கேட்டார். யாரோ பெரிய இடத்து அம்மாள் என்று, மடித்துக் கட்டிய கைலியை இறக்கிவிட்டபடி எல்லாரும் எழுந்தார்கள். அக்கா உள்ளே வந்ததும் அதே வேகத்தில் உட்கார்ந்தார்கள்.

"சீ, நீயா? வெளிய நில்லு, தர்றேன்."

"வேணாம் மாமா. ராணி சாயங்காலம் அழுவா, கேட்டுக்குங்க."

அன்று மாலை ராணி அழுதாள். ஒருவர் பாக்கியில்லாமல் மூக்கைச் சிந்தினார்கள்.