மனைவி வாயால் சொல்லக்கூடிய பெயர்

தினமும் காலை ஏழரை மணிக்கு இந்த ஊரில் என் அப்பாவை ஒருவர் அதட்டுகிறார். அப்பா இருப்பது கோயம்புத்தூரில். அதட்டு விழுவது மொன்றியாலை ஒட்டிய புவாண்ட்-கிளேரில், நான் பெட்டி அடுக்கும் கிடங்கில். பாஸ்போர்ட்டுக்கு என் பெயர் தங்கவேல், தகப்பனார் பெயர் பழனிச்சாமி என்று எழுதிக் கொடுத்திருந்தேன். கனடாவில் இறங்கியதும் பின்னால் இருந்ததைக் குடும்பப்பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள். கிடங்கின் மேற்பார்வையாளருக்கு அதுவும் நீளம். "பலானி, தூங்குகிறாயா?" என்பார். அப்பா நூல் மில்லில் மேஸ்திரி. மில் முதலாளிகூட அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ஆரம்பத்தில் அதட்டு விழும்போதெல்லாம் அப்பா காதில் விழுந்துவிட்டதோ என்று திரும்பிப் பார்ப்பேன். வேலையில் கவனமில்லை என்று அதற்கு இன்னொரு அதட்டு விழும்.

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். இங்குள்ள நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் டாக்டர்கள், பேராசிரியர்கள். நான் கர்க்லாண்டில் ஒரு டாக்டர் வீட்டுச் சமையலுக்கு வந்து, பிறகு கிடங்குக்கு மாறினேன். கூச்சம் வேறு. அப்பா பெயருக்கு அதட்டு விழும் விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. நாற்பது வயதில் ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டேன். அடுத்த ஆண்டு சரசு வந்து சேர்ந்தாள். அவள் வந்த பிறகுதான் பெயர் என்பது எவ்வளவு பெரிய தொல்லை என்று தெரிந்தது.

ஏழாம் மாதம் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். நான் இருவர் கோட்டையும் கழற்றி மாட்டிவிட்டு வருவதற்குள், மேசையில் இருந்த நர்ஸ் அவளிடம் கணவர் பெயரைக் கேட்டுவிட்டார். அவ்வளவு ஆங்கிலம் அவளுக்குப் புரியும். ஆனால் எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள், மாமனார் பெயரையும் சொல்ல மாட்டார்கள். மாமனார் பழனிச்சாமி ஆகிவிட்டதால் பழனிக்குப் போவதைக்கூடச் சரசு "அந்த மலைக்குப் போறது" என்றுதான் சொல்லுவாள். ஊரில் யாராவது கேட்டால் ஜாடை காட்டினால் போதும், பக்கத்தில் இருப்பவர்கள் கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார்கள். இங்கேயும் அதையே செய்தாள். தங்கத்துக்குக் காதுத் தோட்டைத் தொட்டுக் காட்டினாள். வேலுக்குக் கையை ஓங்கி எறிவதுபோல் காட்டினாள். நான் வந்து பார்த்தபோது, காது வலி, தோளைத் தூக்க முடியவில்லை என்று நர்ஸ் எழுதிக்கொண்டிருந்தார். அன்று முதலில் எங்களை உட்கார வைத்தது காது டாக்டரின் வரிசையில்.

திரும்பும்போது பஸ்ஸில் சரசு கேட்டாள்: "ஏனுங்க, குழந்தைக்குப் பேரு எப்படி எழுதுவாங்க?"

"நாம வெக்கிற பேரு முன்னால. குடும்பப்பேரு பின்னால."

"அது யாரு பேருங்க?"

"எங்கப்பா பேருதான். வேணும்னா என் பேரைப் போட்டுக்கலாம்."

"அதுக்கு இதே தேவலைங்க" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு நிறுத்தம் போன பிறகு அடக்கிவைத்தது வெளியே வந்தது. "பள்ளிக்கூடத்துல கேப்பாங்க. ஆஸ்பத்திரில கேப்பாங்க. கடையில புள்ள தொலைஞ்சு போனாக் கேப்பாங்க. அப்பவும் நான் காதைத் தொட்டுக் காட்டிட்டு நிக்கோணுங்களா?"

"பேரைச் சொன்னாத்தான் என்ன, இங்க யாருக்குத் தெரியப் போகுது" என்றேன். "எனக்குத் தெரியுமுங்களே" என்றாள். பிரசவத்துக்கு இரண்டு மாதம் இருந்தது.

கிடங்கில் என்னோடு சாப்பிட உட்காருபவர் சகாய் என்ற ஜப்பானியர். எங்கள் இரண்டு பேர் ஆங்கிலத்தையும் கூட்டினாலும் ஒரு ஆளின் ஆங்கிலம் ஆகாது. அதனால்தானோ என்னவோ, அவரிடம் எனக்குக் கூச்சமில்லை. காது டாக்டர் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "உன் மனைவி எங்கள் எழுத்தைக் காற்றில் எழுதியிருக்கிறாள்" என்றார்.

அட்டைப் பெட்டி ஒன்றை இழுத்து, முகவரி எழுதும் பேனாவால் படம் போல இரண்டு எழுத்துப் போட்டார். அவர்கள் எழுத்தில் காஞ்சி என்று ஒரு வகை. நம் காஞ்சிபுரத்துக்கும் அதற்கும் உறவில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் அர்த்தம் உண்டு. சகாய் என்பதை ஒருவர் சரிவு, கிணறு என்று எழுதலாம். மது, கிணறு என்று எழுதலாம். ஒரே எழுத்தாக, எல்லை என்றும் எழுதலாம். காதுக்கு எல்லாம் சகாய்தான், தாளில் வேறு வேறு குடும்பம்.

நூறு வருஷத்துக்கு முன் ஜப்பானில் குடியானவர்கள் எல்லோரும் குடும்பப்பெயர் வைத்தாக வேண்டும் என்று ஆணை வந்ததாம். சகாயின் கொள்ளுத்தாத்தா வீடு ஒரு மேட்டுச் சரிவில், கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. பெயரை வாயால் சொன்னார். அவருக்கு எழுதத் தெரியாது, கோயில் பூசாரிதான் எழுதினார். பூசாரி எழுதியது மதுக் கிணறு. "எங்கள் குடும்பத்தில் யாரும் குடிப்பதில்லை" என்றார் சகாய், வருத்தமாக. "ஆனால் என் பெயரை எழுதிப் பார்க்கும் ஜப்பானியர்கள் புது வருஷத்துக்குப் பாட்டில் கொண்டுவருகிறார்கள்." அதையெல்லாம் மேற்பார்வையாளருக்குக் கொடுத்துவிடுவாராம். சகாய் மேல் ஏன் அதட்டு விழுவதில்லை என்று அன்றுதான் விளங்கியது.

பிறகு என்னைக் கேட்டார்: "உன் வீடு எதற்குப் பக்கத்தில்?"

நாங்கள் இருந்தது கார்ட்டியர்வில்லில் ஒரு மாடிவீட்டில். கீழே பாலும் ரொட்டியும் விற்கும் தெப்பனேர் என்ற சின்னக் கடை, பின்னால் ஆறு. வீட்டுக்கு வந்து, நாமும் அப்படி ஒரு குடும்பப்பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று சரசுவிடம் சொன்னேன். அவள் வெகுநேரம் யோசித்தாள். கடைமேடு என்று பார்த்தாள், பிடிக்கவில்லை. கடைசியில், "ஆத்தங்கரைன்னு வெச்சுக்கலாமுங்க" என்றாள்.

"அஞ்சு மாசம் அது ஆறே இல்ல, ஐஸு."

"மிச்சம் ஏழு மாசம் இருக்குதுங்களே" என்றாள். பிறகு குரலைக் குறைத்துக்கொண்டு, "ஆத்தங்கரை, ஆத்தங்கரை" என்று சொல்லிப் பார்த்தாள். நாக்கு எங்கும் தடுக்கவில்லை. அவர் பெயரை விட்டுவிடுகிறோம் என்று அப்பாவுக்கு எழுதத் தாளை எடுத்தேன். "நலம், நலமறிய ஆவல்" வரைக்கும் எழுதி மடித்து வைத்துவிட்டேன்.

சகாய்க்குத் தெரிந்த நோட்டரி ஒருவர் எங்கள் குடும்பப்பெயரை மாற்றிப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். ஆத்தங்கரை என்றால் எங்கள் நாட்டில் பெரிய வம்சமா என்று கேட்டார். "பெரிய ஆறு" என்றேன். அவர் மரியாதையாகத் தலையசைத்தார்.

பெண் பிறந்தாள். நர்ஸ் பெயர் கேட்டதும் சரசு படுக்கையிலிருந்தபடியே, "தேவகி ஆத்தங்கரை" என்றாள். நர்ஸ் எழுதிக்கொண்டு போன பிறகும், தரை துடைக்க வந்த அம்மாளிடம் ஒருமுறை சொன்னாள். பக்கத்துக் கட்டிலுக்கு வந்திருந்த விருந்தாளிகளிடம் ஒருமுறை. யாரும் கேட்கவே இல்லை.

ஆறு வாரம் கழித்துத் தடுப்பூசிக்குப் போனோம். பெஞ்சு நிறையப் பிள்ளைகள், தாய்மார்கள். கதவைத் திறந்து ஒரு நர்ஸ், "ஆத்தங்காரே, ஃபமீய் ஆத்தங்காரே" என்று கூப்பிட்டார். ஃபமீய் என்றால் பிரெஞ்சில் குடும்பம். சரசு குழந்தையைத் தூக்கிக்கொண்டு, ஊரில் சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோல விடுவிடுவென்று உள்ளே போய்விட்டாள். நான் அந்தக் குடும்பத்துக்காரர்கள் வரட்டும், பிறகு நம் முறை என்று, அவள் கோட்டையும் குழந்தையின் குல்லாயையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நர்ஸ் கதவைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். நீங்களும் அந்தக் குடும்பமா என்பதுபோல பிரெஞ்சில் ஏதோ கேட்டார்.

"வுய்" என்று ஆமாம் போட்டு எழுந்தேன். அதிகாரி முன்னால் பொய் சொன்னவன் போலக் காதெல்லாம் சூடாகிவிட்டது. உள்ளே போகும்போது, உண்மையான ஆத்தங்கரைக்காரர் யாராவது பின்னால் வருகிறாரா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.